பொம்பிளைக் காரின் நாலு சில்லுகள்

ஜூன் 2, திங்கள்

காலையில் தூறல், பிறகு வெயில். கடல்காற்று உப்பை அள்ளி வந்து வெள்ளவத்தை முழுவதையும் கருவாடாக்கப் பார்க்கிறது.

வெள்ளி கல்யாணம். தங்கை வசந்தியின் மகள் தர்ஷினி பொம்பிளை. தகப்பன் இல்லாத பிள்ளை, தாய்மாமன் நான். ஆகவே பொம்பிளைக் கார் என்னுடையது. வசந்தி போன மாதமே சொல்லிவிட்டாள்: "அண்ணா, பிள்ளை உங்கட காரிலதான் மண்டபத்துக்கு வருவாள்." அன்றிலிருந்து நான் தேரோட்டி.

அடுக்குமாடிக்குக் கீழே போய்த் தேரைப் பார்வையிட்டேன். உடம்பு பரவாயில்லை. சில்லுகள் நாலும் பரிதாபம். பிரேக் தூள் கரியாகப் படிந்து, அதன்மேல் உப்பு, அதன்மேல் காலி வீதிச் சேறு. தொல்பொருள்காரர் வந்து தோண்டினால் ஓர் இராசதானியே அகப்படும்.

பின்கதவு மூன்று இழுவைக்குப் பிறகுதான் திறந்தது. பின்னால் யாரும் ஏறி இரண்டு வருடம். மனைவி இருந்தபோது மரக்கறிப் பைகள் பின்னால் வரும். இப்போது ஒரு தேங்காய், இரண்டு கத்தரிக்காய். முன் ஸீற்றில் எனக்குப் பக்கத்திலேயே வருகின்றன.

வாங்க: வாளி, மெல்லிய பிரஷ். பழைய பல் பிரஷ் இருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போர். முதலில் வெறும் தண்ணீர் அடித்து மணலைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் தேய்க்கத் தேய்க்கக் கீறும். பிறகு சவர்க்கார நுரை. ஆணி ஓட்டைகளுக்குள் பல் பிரஷ். மூன்று சில்லு முடிய முதுகு முன்னூறு துண்டு.

அடுக்குமாடி வாச்சர் சுனில் வந்து நின்று சிங்களம் கலந்த தன் அரைத் தமிழில் கேட்டார்: "மஹத்தயா, கல்யாணம் உங்களுக்கா?"

"ஓம். ஏழு பொம்பிளை வரிசையில நிக்கினம்."

சிரித்துவிட்டுப் போனார். இன்று நான் கதைத்த ஒரே ஆள்.

நாலாவது சில்லில் கறை போகவில்லை. அங்கேதான் என் மகாமூளை வேலை செய்தது. மனைவி குத்துவிளக்கை எதால் மினுக்குவாள்? பழப்புளியால். சில்லும் உலோகந்தானே. புளியைக் கெட்டியாகக் கரைத்து அப்பி, ஊறட்டும் என்று மேலே போனேன். பிளேன்ரீ ஒன்று குடித்தேன். கண்ணயர்ந்துவிட்டேன்.

இறங்கி வந்து பார்த்தால் சில்லு முழுக்கச் சாம்பல் நிறத் தேமல்.

ஜூன் 4, புதன்

பஞ்சிகாவத்தை, உதிரிப்பாகக் கடை. போனில் எடுத்த படத்தைக் காட்டினேன்.

"என்னத்த பூசினீங்க, அங்கிள்?"

"புளி."

"புளி போட இது என்ன சூரை மீனா? விளக்கு பித்தளை, அங்கிள். இது அலுமினியம்."

கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அவ்வளவு பேர் நடுவில் நின்று சிரித்து எவ்வளவோ நாள். பொலிஷ் பசை ஒரு டப்பா, மெழுகு ஒரு டப்பா. இன்னும் கொஞ்சம் நிற்க ஆசை. வாங்க வேறொன்றும் இல்லை.

ஜூன் 5, வியாழன்

விடிந்ததிலிருந்து பசை. சின்னச் சின்ன வட்டமாக. கை கழன்று கடலில் விழுந்திருக்கும். தேமல் போயிற்று. நாலுக்கும் மெழுகு ஒரு கை, காயவிட்டு இரண்டாம் கை. இனி உப்பும் கரியும் லேசில் ஒட்டாது. தண்ணீர் தெளித்தால் முத்தாக உருண்டு ஓடுகிறது. சந்திரனில் இருப்பவர்கள் கண்ணைப் பொத்தியிருப்பார்கள்.

மத்தியானம் தர்ஷினி போன்.

"மாமா, கோவிக்காதேங்கோ. மாப்பிள்ளை ஆக்கள் நீளக் கார் ஒண்டு புக் பண்ணிப்போட்டினம். அம்மாவுக்கு உங்களிட்டச் சொல்ல வாய் வரேல்லை."

"நல்லதுதானே, பிள்ளை."

"நீங்கள் பலகாரத் தட்டுகளைக் கொண்டுவாறியளே?"

"ஓம். பலகாரத்தையும் குலுக்காமல்தானே கொண்டுபோக வேணும்."

சிரித்தாள். வைத்துவிட்டாள்.

துணியோடு கீழே போனேன். செய்ய ஒன்றும் மிச்சமில்லை. மூன்றாம் கை பூசினேன்.

ஜூன் 6, வெள்ளி

கொட்டாஞ்சேனை, வசந்தி வீடு. பின் ஸீற்றில் பயற்றம் பணியாரம், அரியதரம், முறுக்கு, கொக்கிஸ். பெருமாட்டிகள் நால்வருக்கும் பெல்ற் போட்டுவிட்டேன்.

நீளக் கார் ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நின்றது. பொம்பிளை ஏறினாள், தோழிகள் ஏறினார்கள், படம் பிடிப்பவர்கள் ஏறினார்கள். கதவு சாத்தியாயிற்று. வசந்தி பட்டுச் சேலையோடு வெளியே நிற்கிறாள். அவ்வளவு நீளத்தில் பொம்பிளையின் தாய்க்கு இடமில்லை.

சுற்றிப் பார்த்தாள். வந்து என் முன் ஸீற்றில் ஏறினாள்.

"சில்லு என்ன இப்பிடி மினுங்குது, அண்ணா?"

"பழப்புளி."

"விசரே உங்களுக்கு?"

முழுக் கதையும் சொன்னேன். மருதானை வரை சிரித்தாள். அதற்குப் பிறகு அழுதாள். "அடுத்த கிழமை பிள்ளை மெல்பேர்ன் போயிடுவாள். அந்த வீட்டில தனிய இருந்து நான் என்ன செய்யிறது?"

என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். சில்லு தேய்ப்பது. அதைச் சொல்ல முடியுமா?

பம்பலப்பிட்டியில் மண்டபம் தெரிந்ததும், "ஞாயிறு காலமை வாறன். முகத்துவாரத்துக்கு மீன் வாங்கப் போவம்" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புளி நான் போடுறன்" என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

விடிய விடிய மழை. சில்லெல்லாம் சேறு. கழுவ நேரமில்லை. வசந்தி இரண்டு தரம் போன் எடுத்துவிட்டாள், வெளிக்கிட்டியளே என்று.