டிராக்டர் குழாயில் இருந்த ஓட்டை

அன்பு மகன் அர்செனியோவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தம்பி செல்சோவும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே புவனோஸ் ஐரிசில் நீ கட்டடச் சாரத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் காகுபே மாதா உன் காலைப் பிடித்துக்கொள்ளட்டும்.

அப்பாவுக்கு ஒன்பது நாள் ஜெபம் முடிந்தது, கல்லறைச் சிலுவைக்கு வழக்கப்படி துணியும் கட்டியாகிவிட்டது. பக்கத்து வயல் ரொசெந்தோ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான், அப்பாவைத் தற்காப்புக்கு வெட்டினான் என்று போலீஸ் எழுதிக்கொண்டு, கத்தியையும் நம் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டது. நீ போனில் "நான் வர்றேம்மா, அவனோட மிச்சத்தை நான் வெட்டுறேன்" என்றாயே, அன்றிலிருந்து செல்சோ அப்பாவின் வெட்டுக்கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே இருக்கிறான். போனில் சொன்னால் நீ கத்துவாய், காகிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படி.

சோயா விதைக்கிற நேரத்தில் டிராக்டர் மக்கர் செய்தது. முற்றத்தில் நன்றாக உறுமும், வயலில் கலப்பையை இறக்கினால் கரும்புகை கக்கிக்கொண்டு படுத்துவிடும். அப்பா டீசல் வடிகட்டியை மாற்றினார், காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார், ஒன்றும் சரியாகவில்லை. டீசல் தொட்டியைக் காலி செய்தபோது அடியில் கொஞ்சம் மண் இருந்தது. எந்தத் தொட்டியில்தான் மண் இல்லை? ஏற்கெனவே ரொசெந்தோவோடு வேலித் தகராறு, அவருக்கு அது போதுமாக இருந்தது. "ரொசெந்தோ போட்ட மண்ணுடி இது" என்று கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினார். முதலில் வெட்டியது உன் அப்பாதான், மகனே. ரொசெந்தோவின் வலது கை விரல்கள் அவன் முற்றத்திலேயே விழுந்தன, கோழிகள் கொத்த ஓடி வந்தன. அவன் இடது கையால் கத்தியைப் பிடுங்கி அப்பா கழுத்தில் இறக்கினான். பின்னாலேயே ஓடிய நான் பாவாடையைக் கிழித்து அழுத்தினேன், ரத்தம் நிற்கவில்லை.

அடக்கம் முடிந்ததும், விதைப்பை விட முடியாது என்று மெக்கானிக் இசாசியோவைக் கூப்பிட்டேன். அவன் இஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கிற டர்போவைத் திறந்து சக்கரத்தை விரலால் சுற்றினான், ஆட்டமில்லை. "டர்போ தங்கமா சுத்துதுக்கா, அது ஊதுற காத்தை வழியில எவனோ திருடுறான்" என்று சிரித்தான். டர்போவிலிருந்து இஞ்சினுக்குப் போகிற குழாயின் வாயை அடைத்து, டயருக்குக் காற்றடிக்கிற மெஷினால் உள்ளே ஊதி, சோப்பு நுரையைப் பூசினான். ரப்பர் குழாயின் அடிப்பக்கம் குமிழ் குமிழாகப் பொங்கியது. ஐஸ் போட்டுத் தெரெரே குடிக்கிற பிளாஸ்க்கை மாட்ட அப்பா தானே ஒரு கம்பியை வெல்டு வைத்தாரே, அதன் முனை உரசி உரசிக் குழாயைக் கிழித்திருந்தது. முற்றத்தில் குழாய்க்குள் காற்றழுத்தம் குறைவு, கிழிசல் மூடியே இருக்கும், வயலில் பாரம் ஏறினால் பிளந்துகொள்ளும். செல்சோ "பொய் சொல்றியாடா நாயே" என்று அவன் சட்டையைப் பிடித்தான். "சட்டைய விட்டுட்டு கம்பியப் பாருடா, உங்கப்பன் கைவேலைதானே" என்றான் இசாசியோ. செல்சோ சட்டையை விட்டுவிட்டுக் குனிந்து, கம்பி முனையை விரலால் தடவிப் பார்த்தான்.

கிழிந்த குழாயோடு நான் ரொசெந்தோ வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி தெயோலிந்தா நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். அந்தக் குழாயையே பிடுங்கி "இதுக்காடி என் புருசன் கை போச்சு?" என்று என் முகத்தில் அடித்தாள், திரும்பவும் அடித்தாள். உதடு கிழிந்தது, நான் கையைத் தூக்கவில்லை. அடித்து ஓய்ந்து அவளே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அவர்கள் வயல் இன்னும் தரிசாகக் கிடக்கிறது, அவனால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. என் மூத்தவன் வந்து உழுது விதைத்துக் கொடுப்பான் என்றேன். "வெட்ட வர்றவனா உழுவான்?" என்றாள். நான் பெத்தவன் உழுவான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செல்சோ அந்த டிராக்டரில் ஏறவே மாட்டேன் என்கிறான். புதுக் குழாய் போட்டாயிற்று, கம்பியை அறுத்தாயிற்று, கத்தியை நான் கக்கூஸ் குழியில் போட்டுவிட்டேன், தேட வேண்டாம்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும், உன் கையில் ரத்தம் படாமல் இருக்கட்டும். வருவதானால் மழைக்கு முன்னால் வா. முதலில் அவர்கள் வயலில் இறங்கு. தெயோலிந்தா உன் முகத்தில் துப்புவாள். துடைத்துக்கொண்டு வண்டியை எடு.

உன் அம்மா,
நிகாசியா