நாலாம் லைன், வலது பக்கம்

மருத்துவக் கல்லூரி விடுதி,
ஜூன் 22

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வந்ததும் எல்லார் போனையும் வாங்கி ஒரு இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். டாக்டராக ஆசைப்படுகிறவர்கள் முதலில் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கப் பழக வேண்டுமாம். இந்த மருத்துவ முகாம் நடக்கும் நான்கு வாரமும் கடிதம்தான். ஆலையில் வெட்டு லைனில் நிற்கும்போது நீயும் போன் எடுக்க முடியாது. நமக்குள் சரியாகப் போயிற்று.

அறைத்தோழியின் பெயர் ப்ளேக்லி. அவள் அப்பா இதய அறுவை மருத்துவர், தாத்தாவும் அதேதான். "உங்கப்பா எந்த ஆஸ்பத்திரி?" என்றாள். "அம்மா மட்டும்தான். பன்றி ஆலை," என்றேன். "ஓ, கால்நடை டாக்டரா?" என்றாள். "எங்கம்மா கைக்கு வர்றப்ப பன்றி டாக்டரைத் தாண்டிப் போயிருக்கும்," என்றேன். நல்லவேளை, சிரித்தாள்.

மற்றவர்களெல்லாம் பெற்றோர் பணம் கட்டி வந்த பள்ளிப் பிள்ளைகள். ஆலை கொடுத்த உதவித்தொகையில் வந்தவள் நான் ஒருத்திதான். முதல் நாளே அதைச் சொல்லி என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். நிமிர்ந்துதான் நின்றேன்.

கடைசி நாள், ஜூலை 19 அன்று, வெள்ளைக் கோட் தருவார்கள். வீட்டிலிருந்து வருகிறவர்தான் அதை மாட்டிவிட வேண்டும். லீவு சொல்லி வை.

உன் மகள்,
தமேரா


பைன் ஃபோர்க், வட கரோலினா,
ஜூன் 27

என் தங்கமே,

உன் கடிதத்தை இடைவேளையில் உரக்கப் படித்தேன். கால்நடை டாக்டர் கதைக்கு லைன் மொத்தமும் சிரித்தது. இப்போது என்னை 'டாக்டரே, கத்திய எடு' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் உன் பெயரைச் சொன்னார். சபையே எழுந்து கைதட்டியது. பிரசங்கம் முழுக்கத் தூங்குகிற ராய்ஸ் மாமாகூட விழித்துக்கொண்டு, காரணம் தெரியாமலே தட்டினார். ஆராதனை முடிந்ததும் எர்னெஸ்டின் அக்கா வாசலிலேயே காலுறையைக் கழற்றிக் காட்டினாள். "பாரு வெர்லீன், இந்தக் கால் மட்டும் எப்படி வீங்கிக் கெடக்குன்னு. டாக்டரம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டு எழுது."

"அவ இன்னும் பள்ளிக்கூடமே முடிக்கலையேக்கா!"

"அதனால என்ன? இந்த ஊருக்கு வேற யாரு இருக்கா?"

ஊரில் இருந்த ஒரே கிளினிக்கையும் மூடிவிட்டுப் போனதிலிருந்து எல்லாரும் இப்படித்தான் கேட்கிறார்கள். கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

கையெழுத்து கோணலாக இருக்கிறதென்று திட்டாதே. வலது பெருவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துப்போகின்றன. லைனை மறுபடி வேகமாக்கிவிட்டார்கள். ஆலை நர்ஸிடம் போனேன். "வேலை வலி," என்று சொல்லி ஐஸ் பை ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பி அனுப்பினாள். சரியாகிவிடும்.

கோட் மாட்டிவிடும் நாளுக்கு மஞ்சள் தொப்பி வாங்கிவிட்டேன். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மேடை தெரியாது. தெரியாமல் போகட்டும்.

உன் அம்மா


ஜூலை 2

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் எர்னெஸ்டின் பெரியம்மா. எங்களுக்குப் பாடம் எடுக்கும் டாக்டர் ஹைண்ட்மன் மேடமிடம் கேட்டேன். ஒரு கால் மட்டும் வீங்கினால் காத்திருக்கக் கூடாதாம். இந்தக் கடிதம் கிடைத்ததும் மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. முடியாதென்றால் இழுத்துக்கொண்டு போ.

நேற்றுத் தையல் போடக் கற்றுக்கொடுத்தார்கள், பன்றிக்காலில். பெட்டியைத் திறந்ததும் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "சீ, இதையெல்லாம் யாரு தின்பா?" என்றான் ஒருவன். "நாங்கதான். வினிகரும் மிளகாயும் போட்டு. நீ தச்சு முடிச்சதும் குடு, எங்கம்மா சமைச்சுக் காட்டுவா," என்றேன். அம்மா, பெட்டியின் மேல் உன் ஆலையின் முத்திரை இருந்தது. இந்தக் காலை வெட்டியது நீயாகக்கூட இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே தைத்தேன். வகுப்பிலேயே நேரான தையல் என்னுடையதுதான்.

இன்று மணிக்கட்டைச் சோதிக்கக் கற்றோம். இரண்டு கைகளையும் மடக்கி, புறங்கையோடு புறங்கை சேர்த்து ஒரு நிமிடம் பிடி. பெருவிரல் பக்கம் மரத்தால் அது 'வேலை வலி' இல்லை. உள்ளே நரம்பு நசுங்குகிறது. அப்படியே விட்டால் விரல் பிடியே போய்விடும். செய்து பார்த்து எழுது.

இன்னொன்று. கடைசி நாள் ஒவ்வொருவரும் ஒரு நோயாளியைப் பற்றி மேடையில் பேச வேண்டும். நோயாளியின் பெயரைச் சொல்லக் கூடாது, வயதும் வேலையும் மட்டும்தான். அவர் தன் கைப்பட எழுதிய சம்மதம் வேண்டும். ஆலை சார்பில் மேலாளர் மிஸ்டர் ப்ரூட் வருகிறாராம். அவர் முன்னால் நான் உன் கையைப் பற்றிப் பேசப்போகிறேன். சம்மதம் எழுதி அனுப்பு.

தமேரா


ஜூலை 7

தமேரா,

செய்து பார்த்தேன், மரத்தது. சாப்பாட்டு அறையில் நான் செய்வதைப் பார்த்து லைன் பெண்கள் எல்லாரும் விளையாட்டாகச் செய்தார்கள். "ஜபம் பண்றது தலைகீழா இருக்கே வெர்லீன்!" என்று ஒரே சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தியாகச் சிரிப்பை நிறுத்திவிட்டு, மரத்துப்போன விரலை உதறினாள்.

ஆனாலும் சம்மதம் தர மாட்டேன். லைனில் என்னோடு நின்ற லுபேயை நினைவிருக்கிறதா? போன வருடம் வெளி டாக்டரிடம் கையைக் காட்டிச் சீட்டு வாங்கி வந்தாள். அடுத்த வாரம் அவள் அட்டைக்கு ஆலைக் கதவு திறக்கவில்லை. ஏனென்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. நானும் கேட்கவில்லை.

ப்ரூட் போன மாதம் வாசலில் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். "நாமெல்லாம் ஒரே குடும்பம், என்னம்மா?" என்றார். என் பெயர் அவருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. நீ டாக்டராகு, அதற்கு எனக்கு இந்த வேலை வேண்டும். மேடையில் நன்றி சொல்லிவிட்டு வா.

அம்மா


ஜூலை 11

அம்மா,

சரி. சம்மதம் இல்லாமல் பேசினால் நான் டாக்டர் இல்லை, வம்புக்காரி. கொசுக்கடிக் காய்ச்சலைப் பற்றிப் பேசுகிறேன். கொசுவுக்கு வேலை போகாது.

நன்றியுரையும் எழுதிவிட்டேன். ப்ளேக்லி கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லாருக்கு. ஆனா நீ பேசற மாதிரியே இல்ல," என்றாள். கோபம் உன்மேல் இல்லை. உன் கையை நசுக்கிவிட்டு, அதே கையால் எனக்குக் கோட் மாட்டவைத்துப் படம் எடுத்து ஆலைச் சுவரில் தொங்கவிடப்போகிறார்களே, அவர்கள்மேல்தான்.

நீ வந்தால் போதும்.

தமேரா


ஜூலை 15

என் தங்கமே,

இதை இடது கையால் எழுதுகிறேன். குழந்தை எழுத்துப்போல இருக்கிறது, பொறுத்துப் படி.

எர்னெஸ்டின் அக்காவின் காலில் ரத்தம் கட்டியிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் நுரையீரலுக்குப் போயிருக்கும் என்றார்களாம். ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில் எழுந்து நின்று, "என் காலைக் காப்பாத்துனது வெர்லீன் பொண்ணுதான்!" என்று கத்தினாள். அந்த டாக்டர் மேடத்துக்கும் பாதிப் பங்கு என்றேன், காதில் வாங்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஊருக்கெல்லாம் அவ டாக்டரு. ஒனக்கு மட்டும் ஆலை நர்ஸோட ஐஸ் பையா?" சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கோட் மாட்டிப் பழகலாமென்று உன் பழைய மழைக்கோட்டை நாற்காலியில் போட்டேன். பொத்தானைப் பிடிக்க முடியவில்லை, தங்கமே. எத்தனை தடவை முயன்றும் முடியவில்லை. என் மகளுக்கு ஒரு பொத்தான் போட முடியாத கையை யாருக்காக ஒளித்துவைக்கிறேன்?

கீழே இருப்பதை உன் மேடத்திடம் கொடு.

வெர்லீன் ரூத் ஃபெய்சன் ஆகிய நான், என் கையைப் பற்றி என் மகள் பேசச் சம்மதிக்கிறேன். ஆனால் பெயர் சொல்லாமல் பேசக் கூடாது. உங்கள் விதி நோயாளியைக் காப்பதற்கு என்றால், இந்த நோயாளி தன்னை மறைக்கச் சொல்லவில்லை. அந்த ஆலையில் இத்தனை வருடமும் நான் 'நாலாம் லைன், வலது பக்கம்'. உங்கள் மேடையிலும் நான் 'நாற்பத்திரண்டு வயதுப் பெண்' ஆக மாட்டேன். என் பெயரை முழுதாகச் சொல்ல வேண்டும்.

வேலை போனால் போகட்டும் என்று சொல்ல மாட்டேன், பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் லைன் பெண்கள் வேன் பிடித்து என்னோடு வருகிறார்கள். லுபேயும் வருகிறாள். நீ பெயரைச் சொன்னதும் ப்ரூட் திரும்பித் தேடுவார். தேட வேண்டாம், முன்வரிசையில் மஞ்சள் தொப்பி.

கோட்டை நான் பிடிக்கிறேன். பொத்தானை நீ போட்டுக்கொள்.

உன் இரண்டாவது நோயாளி
(முதல் ஆள் தான்தான் என்று எர்னெஸ்டின் சண்டைக்கு நிற்கிறாள்),
அம்மா