கணுக்காலுக்கு இடம் விட்ட பூட்ஸ்

அக்கா,

இன்று காலை நம் பிளாஸ்டிக் வார்ப்பு மெஷினில் அச்சு அடைத்துக்கொண்டது. திறந்ததும் கிளம்பிய சூடான பிளாஸ்டிக் வாடையில் நான் கும்மிடிப்பூண்டியில் இல்லை. மணாலியில், அந்தப் பனிச்சறுக்குக் கடையில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் போனில் யாரோ பனியில் சறுக்குவதைக் காட்டி, “நாம போலாமாடி?” என்று கேட்டது நீங்கள்தான். இந்தத் தொழிற்பேட்டை வெயிலில் வேகிற இரண்டு பெண்களுக்குப் பனிச்சறுக்குப் பயிற்சியா என்று செக்‌ஷனே சிரித்தது. என் வீட்டில் பயந்தார்கள். மழையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து வழுக்கி விழுந்து, இடது கணுக்காலில் பிளேட் வைத்திருந்த சமயம் அது. எலும்பு கூடிவிட்டது, தாராளமாகப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும், மாடிப்படி இறங்கக்கூட எனக்குக் கைப்பிடி வேண்டியிருந்தது. அந்தப் பயம் பிடிக்காமல்தான் உங்களோடு கிளம்பினேன்.

முதல் நாள் வாடகை பூட்ஸ் பிளேட் இருந்த இடத்தில் குத்தியது. பெரிய சைஸாகக் கேட்டு வாங்கி, இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டேன். நிற்கும்போது சுகமாகத்தான் இருந்தது. சரிவில் இறங்கியதும் கால் உள்ளே ஆடியது. காலில் மாட்டிய சறுக்குப் பலகை தன் இஷ்டத்துக்குப் போனது. விழுந்துகொண்டே இருந்தேன். சாயங்காலம் அறைக்கு வந்ததும் ஊருக்குப் போய்விடலாம் என்றேன். நீங்கள் என் சாக்ஸை இறக்கிப் பார்த்தீர்கள். கணுக்கால் சிவந்து வீங்கியிருந்தது.

“இன்னாடி இது? இம்மாம் வலிய வெச்சிக்கினு ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கினு இருந்தியா? உன் காலு நல்லாத்தான் கீது. பூட்ஸுதான் சரியில்ல.”

மறுநாள் உங்கள் வகுப்பை விட்டுவிட்டு என்னைக் கடை கடையாக அழைத்துப் போனீர்கள். கடைசியில் ஒரு கடைக்காரர் பூட்ஸின் உள்மெத்தையை உருவிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் என் காலை விடச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்த்தார். பிறகு நான் கேட்டதைவிடச் சிறியதாக, வேகமாகச் சறுக்குகிறவர்கள் போடும் கெட்டியான ஜோடி ஒன்றை எடுத்தார். இறுகப் பிடித்தால்தான் கால் நினைப்பது பலகைக்குப் போகும் என்று அவர் இந்தியில் சொன்னதை, நம் லைனில் இருக்கும் பீகார்க்காரர்களிடம் கற்ற இந்தியை வைத்து எனக்குச் சொன்னீர்கள். நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்னால் தொட்டது. முட்டியை மடக்கினால் விலகியது. குதிகால் எழும்பவே இல்லை. பிளேட் இருந்த இடம் மட்டும் வலித்தது. பரவாயில்லை, தாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

“தாங்கிக்கிறதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்? எங்க வலிக்குதுன்னு காட்டு.”

காட்டினேன். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, பூட்ஸின் மேல் அந்த இடத்தில் ஒட்டினீர்கள். கடைக்காரர் சிரித்தபடி அளவைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தைச் சூடுகாட்டி உள்ளிருந்து வெளியே தள்ளி, ஆறும்வரை அழுத்திப் பிடித்தார். மறுபடி போட்டபோது கால் முழுவதையும் யாரோ கையால் பிடித்திருப்பதுபோல் இருந்தது. எங்கும் வலிக்கவில்லை. நான் அழுததை நீங்கள் பார்த்தும் பார்க்காததுபோல் பேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த நாள் இடது முட்டியை அழுத்தினேன், பலகை திரும்பியது. அவ்வளவு லேசாக. வகுப்புக்குப் போகாததால் பலகையைத் திருப்பக் கற்றிராத நீங்கள், கீழே பனியில் விழுந்து கிடந்தபடியே கை தட்டினீர்கள்.

அடுத்த குளிர்காலத்துக்குள் நோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது. ஒரு நாள் வகுப்பை எனக்காக விட்டதைப் பற்றி நீங்கள் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

இந்த ஜனவரியில் தனியாகப் போயிருந்தேன். உயரமான சரிவிலிருந்து விழாமல் இறங்கி வந்ததும், புதிதாக வந்திருந்த பயிற்சியாளர் யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். கொஞ்சமும் யோசிக்காமல் உங்கள் பெயரைச் சொன்னேன்.