வெளிநாட்டுக் கிளையின் பச்சைப் புள்ளி

அகில உலகப் பெயர்ப்பலகைச் சாம்ராஜ்யத்தின் வெளிநாட்டுக் கிளை மேலாளரும், என் அக்கா பெற்ற ஒரே மகளுமான உனக்கு, தலைமையகத்திலிருந்து மாமா எழுதிக்கொள்வது.

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் படியைப் பார்த்ததும் ராஜினாமா செய்கிறேன் என்கிறது. நான் இன்னும் ஏற்கவில்லை. போனிலேயே பேசலாமே என்று நினைப்பாய். போனை எடுத்தால் என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிடுகிறது. பேனா கொஞ்சம் யோசிக்கிறது. அதனால்தான் கடிதம்.

முதலில் கடைச் செய்தி. போன வாரம் ஒரு பல் டாக்டர் பெயர்ப்பலகைக்கு வந்தார். அவர் வாங்கிய பட்டங்களையெல்லாம் பொறித்து முடிப்பதற்குள் செதுக்கும் மிஷினுக்கே பல் கொட்டிவிடும் போலிருந்தது. பலகையின் ஒரு முனையை அவர் வாசலில் அடித்தால், மறுமுனையை அடுத்த தெருவில்தான் அடிக்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவர் கொடுத்த பென் டிரைவில் இருந்த வைரஸ்களுக்கு ஓட்டுரிமை கொடுத்திருந்தால் தனி நாடே கேட்டிருக்கும். நீ போட்டுக் கொடுத்த பாதுகாப்பு மென்பொருள் அத்தனையையும் வாசலிலேயே பிடித்து நிறுத்திவிட்டது.

அந்த மென்பொருளின் கெடு அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி முடிகிறது. புதுப்பிக்கலாம் என்று கம்பெனிக்குப் போன் செய்தேன். பேசிய பெண், வீட்டுப் பதிப்பா, தொழில் பதிப்பா சார் என்றாள். இது என்ன கேள்வி? முன்னறைக் கம்ப்யூட்டரில் காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை பெயர்ப்பலகை. ஆறு மணிக்கு மேல் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே கம்ப்யூட்டரிடம் சதுரங்கத்தில் தோற்கிறேன். அது வீடா, தொழிலா, நீயே சொல்.

எங்களுடையது பெரிய நிறுவனம், தொழில் பதிப்பேதான் வேண்டும் என்று குரலைக் கனமாக்கிக்கொண்டேன். அவள் தன் திரையில் நம் கருவிகளின் பட்டியலை எடுத்து வாசித்தாள். தலைமையகம். செதுக்கல் பிரிவு. நிதியமைச்சகம். வெளிநாட்டுக் கிளை. ஐந்தாவது இடம் காலி. பெயர்களைக் கேட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, தினமும் எத்தனை பேர் சார் வேலைக்கு வர்றாங்க என்று கேட்டாள். நான் இருமினேன். அவள் கெட்டிக்காரி. சார், உங்களுக்கு வீட்டுப் பதிப்பே போதும், மூன்று கருவிகளுக்கு வரும், ஆனால் யார் எப்போது வந்தார்கள் என்று காட்டும் இந்தப் பட்டியல் மட்டும் அதில் கிடையாது என்றாள்.

இங்கேதான் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீ வெளிநாட்டுக்குப் புறப்பட்ட வாரம் இதைப் போட்டுக் கொடுத்தாய். கிளை இல்லாமல் என்ன மாமா கம்பெனி என்று உன் லேப்டாப்பையும் விளையாட்டாகச் சேர்த்துவிட்டுப் போனாய். நீ மறந்திருப்பாய். நான் தினமும் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பட்டியலைத் திறப்பேன். அங்கே உனக்கு மாலை. உன் பெயருக்கு எதிரே ஒரு பச்சைப் புள்ளி எரியும். நீ என்ன படிக்கிறாய், யாரோடு பேசுகிறாய் என்றெல்லாம் அது சொல்லாது. லேப்டாப்பைத் திறந்திருக்கிறாய், அவ்வளவுதான். அத்தை அடுப்படியிலிருந்து, கிளை திறந்தாச்சா என்பாள். திறந்தாச்சு என்று நான் குரல் கொடுத்த பிறகுதான் சாப்பிட உட்காருவாள்.

நிதியமைச்சகம் அவளுடைய டேப்லெட். ஞாயிறுதோறும் அதைச் சார்ஜ் போட்டு ஐந்து நிமிடம் திறந்து வைக்கிறேன். முப்பது நாள் திறக்காவிட்டால், தொடர்பில்லை என்று சிவப்பில் எழுதிவிடுகிறது. அவள் பெயருக்கு எதிரே அதைப் பார்க்க என்னால் முடியாது.

உன் பெயருக்கு எதிரே எழுதிவிட்டது. இன்று அறுபத்தொன்றாவது நாள். அது எந்த நாளிலிருந்து எண்ணுகிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத்தை கண்ணை மூடிய அன்று, டிக்கெட் கிடைக்கவில்லை மாமா என்று போனில் அழுதாய். நான் என்ன சொன்னேன்? கிளைகள் வரத் தேவையில்லை, தலைமையகமே பார்த்துக்கொள்ளும் என்றேன். கால் நடுங்கும்போதெல்லாம் கோமாளித்தனம் செய்தே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். அன்றும் ஓடிவிடும் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்த பெண்ணைக் கம்பெனி ஆளாக்கிவிட்டேன் என்று, நீ போனை வைத்த பிறகுதான் உறைத்தது. உன் அம்மாவிடம் கேட்டால், நன்றாக இருக்கிறாள் என்கிறாள். அதற்கு மேல் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

அதனால் வீட்டுப் பதிப்பையே எடுப்பதாக இருக்கிறேன். விண்ணப்பத்தைத் திரையில் திறந்து வைத்திருக்கிறேன். செதுக்கல் பிரிவை இணையத்திலிருந்து கழற்றிவிடலாம், அது கோபித்துக்கொள்ளாது. முதல் இடம் முன்னறை. இரண்டாவது அத்தையின் டேப்லெட். மூன்றாவதில் உன்னுடையதை எழுதிவிட்டேன். அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம்: மேற்கண்ட அனைவரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள். அதில் டிக் போடப் போனால் மவுஸ் நகர மாட்டேன் என்கிறது. ஆயிரம் வாசல்களுக்கு யார் வீடு என்று பொறித்துக் கொடுத்த கை இது.

நீ பதில் எழுத வேண்டாம். போனும் வேண்டாம். இருபத்தெட்டுக்கு முன்னால் ஒரு மாலை, அந்தப் பழைய லேப்டாப்பை ஐந்தே நிமிடம் திற. அப்போது இங்கே காலை ஒன்பது மணி. நான் நாற்காலியில்தான் இருப்பேன். புள்ளி பச்சையானால் டிக் போட்டுவிடுகிறேன். அதோடு பட்டியல் போய்விடும். அப்புறம் நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள, உன்னிடமே கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்காது.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், அம்மாடி.

இப்படிக்கு,
தலைமைப் பதவியை இன்றோடு ராஜினாமா செய்துவிட்ட
உன் மாமா