வளைவில்லாத சாலை

கிளியூர்,
9-12-1986

அன்புள்ள மகன் சித்தனுக்கு,

இங்கே நான், உன் அம்மா, மருமகள் கண்ணம்மாள், குழந்தை பார்வதி எல்லோரும் மலைமேல் இருக்கும் சேர்வராயன் சாமி புண்ணியத்தில் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதியிருக்கிறாய். அதற்கு நாலு வரி கீழே, லாரி ரோட்டை விட்டு இறங்கி மணலுக்குள் ஓடி நின்றது என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டில் நான் கீழே இருப்பதைத்தான் நம்புகிறேன். காப்பிப் பழம் எடுக்க ஆரம்பித்துவிட்டோம். இந்த வருஷம் ஒரே கொத்தில் பழமும் காயும் கலந்து நிற்கிறது, உன் அம்மா பேச்சு சுவாரசியத்தில் பச்சைக் காயையும் சேர்த்து உருவிக் கூடையில் போடுகிறாள், சொன்னால் கோபம் வருகிறது. ஆரஞ்சு மரம் இரண்டு பட்டுப்போயிற்று. எஸ்டேட்டில் எனக்குப் பிறகு லாரி எடுத்தவனுக்கு நல்ல டிரைவர் என்று சால்வை போட்டார்களாம். ஏறி இரண்டு வருஷத்துக்குள் மூன்று இடத்தில் வண்டியை உரசினவன் அவன். எனக்கு ஒரு துண்டு கூடப் போட்டதில்லை. போடட்டும், அது அவர்கள் வீட்டுச் சால்வை.

உன் கடிதத்தைக் கண்ணம்மாள் உரக்கப் படித்தாள். பாலைவனத்து ரோடு நூல் பிடித்தமாதிரி நேராகப் போகிறது, ராத்திரி நன்றாகத்தான் தூங்குகிறேன், பாலில்லாத டீ குடிக்கிறேன், ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறேன், ஆனாலும் நினைப்பு ரோட்டில் நிற்பதில்லை, ஏன் அப்பா இப்படி, இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவதாக போர்மேன் சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தாய். கடைசியில், நீங்கள் எல்லோரும் பேசி அனுப்பிய கேசட்டை வண்டியில் ஓயாமல் போட்டுக் கேட்டு நாடா தேய்ந்துவிட்டது, வேறு ஒன்று சீக்கிரம் பேசி அனுப்புங்கள் என்றும் எழுதியிருந்தாய். உன் அம்மா மணலுக்காகக் கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு டேப்ரிக்கார்டர் இரவல் வாங்க எழுந்து போய்விட்டாள். நான் கடிதத்தை வாங்கி மறுபடி படித்தேன். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை, மூட்டை மேல் அடித்திருக்கும் எழுத்தையும் ரோட்டோரக் கல்லையும் பார்த்துப் படிக்கக் கற்றுக்கொண்டவன், அதனால் ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்றுதான் படிப்பேன். அப்படிப் படித்ததில்தான் மேலே கேட்ட கேள்விக்குப் பதில் கீழே உன் கையெழுத்திலேயே இருப்பது தெரிந்தது. மணலுக்குள் இறங்கும்போது வண்டியில் எது பாடிக்கொண்டிருந்தது என்று நீ எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை.

அவர்கள் கேசட் பேசின கூத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஏங்கண்ணு சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு நீ பதில் சொல்வாய் என்று காத்திருந்தாள். பார்வதி அப்பா என்று சொல்லாமல் பெட்டியின் பட்டனைப் பிடுங்கப் பார்த்தாள், பிறகு எல்லோரும் அசந்த நேரத்தில் அப்பா அப்பா என்று கத்தினாள். கண்ணம்மாள் நாடா ஓடி முடியப்போகிற நேரத்தில் எப்ப வருவீங்க என்று ஒரே வார்த்தை சொன்னாள். நான் அங்கேயே மூட்டை மேல் உட்கார்ந்து காப்பிக் களத்துச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தேன், அந்த ஒரு வார்த்தையில் எனக்கே ஊசி விரலில் ஏறிவிட்டது. மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறவனுக்கே இந்தக் கதி என்றால் பாரவண்டி ஓட்டுகிறவனுக்கு என்ன ஆகும். நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க என்றாள் உன் அம்மா. நான் பேசவில்லை. பேசி முடித்ததும் கேசட்டை எடுத்து என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்குச் சோறு கிடைக்கிறது, பேச்சு கிடைப்பதில்லை. ஏனுங்க, அந்தக் கொழந்தை சத்தத்தக் கேட்டுத்தான் அவன் அங்க காலந்தள்ளறான், அதையும் புடுங்கி வெச்சுக்கிட்டா எப்படிங்க, நீங்க நொம்பத்தான் கல்லுங்க என்று உன் அம்மா தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அந்தச் சத்தம்தான் அவனை மணலில் இறக்கியது என்று நான் சொன்னேன். கண்ணம்மாள் சண்டை போடவில்லை. அவரு பொண்ணை இன்னும் கண்ணால பாக்கலீங்க மாமா, கொரலையாச்சும் கேக்கட்டுமுங்க என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். நியாயம் என்பதற்காகச் சாவியைக் கொடுத்துவிட முடியாது.

நீ என்னோடு கிளீனராக வந்து வண்டி பழகினது எல்லாம் நம் மலைப்பாதையில். இங்கே வளைவு ஒவ்வொன்றும் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும், கியரை மாற்று, ஆரனை அடி, கீழேயிருந்து ஏறி வருகிறவனுக்கு வழி விடு என்று வேலை வாங்கிக்கொண்டே இருக்கும். நினைப்பு எங்கேயாவது கிளம்பினாலும் அடுத்த வளைவுக்குள் திரும்பி வந்தாக வேண்டும். உன் நேர் ரோடு யாரையும் கூப்பிடாது. கைக்கும் காலுக்கும் வேலை இல்லாவிட்டால் மனசு ஊடு பார்த்துத்தான் போகும், அது உன் குற்றம் இல்லை. ஆனால் தெரிந்த பிறகும் வண்டிக்குள் ஊட்டையே கொண்டுவந்து பாட வைப்பது உன் குற்றம்தான். வளைவில்லாத இடத்தில் வளைவை நீதான் போட்டுக்கொள்ள வேண்டும். தூரத்தில் ஒரு கம்பத்தையோ கிடக்கிற பழைய டயரையோ பார்த்து வைத்துக்கொள், அது வரைக்கும் அது மட்டும்தான். அங்கே போனதும் கண்ணாடி பார், மீட்டர் பார், பிறகு அடுத்தது. கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல், யாரும் கேட்கப்போவதில்லை. அலுப்பு வருவதற்கு முன்னாலேயே வண்டியை ஓரங்கட்டி இறங்கு, ஒரு சுற்று சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார், முகத்தைக் கழுவு. பனி மூட்டத்தில் நான் குளிரோடு கண்ணாடியை இறக்கிவிட்டு எதிர்வண்டிச் சத்தத்துக்காகக் காதை வெளியே வைத்துத்தான் ஓட்டுவேன், பாட்டே போடமாட்டேன், அதனால் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் என் வண்டிக்கு ஊமை லாரி என்று பெயர் வைத்துச் சிரித்தார். சிரித்தவர் அதே லாரியில்தான் பெண்டாட்டி பிள்ளையை ஏற்றி அனுப்பினார்.

இன்னொன்று. நினைப்பை அடித்து விரட்டப் பார்க்காதே, அது போகாது. நம் ரோட்டில் வளைவு வளைவுக்கு நின்று கையைக் காட்டுவார்களே, சேலத்துக்குப் போகணும் நிறுத்துங்க என்று. நான் திட்டவும் மாட்டேன், நிறுத்தவும் மாட்டேன், கீழே கடைக்கிட்ட நிக்கறேன் அங்க வந்து ஏறிக்க என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவேன். மகள் நினைப்பு வந்தாலும் அப்படித்தான், ரூமுக்கு வா, அங்கே பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போ. சொன்னபடி ரூமுக்குப் போய்ப் பேசவும் வேண்டும். பேசாவிட்டால் மறுநாள் நடுரோட்டில் வந்து நிற்கும்.

லீவில் வந்த தங்கராஜ் நேற்று விடைபெற வீட்டுக்கு வந்தான். உன் ரூம்காரன் என்பதால் உன் அம்மா அவனிடம் காப்பித்தூளும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்திருக்கிறாள். கேசட்டை நான் என் கையால் எடுத்து அவனிடம் கொடுத்தேன், கண்ணம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் உன் வண்டியில் உள்ள பாட்டுப்பெட்டியை நீயே கழற்றி அவன் கையில் கொடுத்த பிறகுதான் அவன் கேசட்டைத் தருவான். ரூமில் வைத்து விடிய விடியக் கேள், நான் குறுக்கே வரமாட்டேன். ஏனுங்கப்பா, அவன் என்னைப் போட்டு ஒதைப்பானுங்க என்று தங்கராஜ் சிரித்தான். ஒதை வாங்கிக்க, கேசட்டை மட்டும் குடுத்துராத என்றேன். கழற்ற மனமில்லை என்றால் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வா, இருக்கிற காப்பிக்குக் களை வெட்டிப் பிழைத்துக்கொள்ளலாம், போர்மேன் அனுப்பினான் என்று ஊர் பேசினாலும் பேசட்டும். உன்னை இரண்டு பேர் சேர்ந்து இறக்க வேண்டிய நிலைமையில் மட்டும் வராதே.

உனக்கு நீண்ட ஆயுளும் நிலையான புத்தியும் அந்தச் சேர்வராயன் கொடுக்கட்டும். பெட்டியைக் கழற்றினாயா இல்லையா என்று உன் கையால் எழுது, ஆகட்டும் பார்க்கலாம் என்று எழுதாதே. கேசட்டில் எல்லோர் குரலும் இருக்கும், என் குரல் இருக்காது, தேடாதே. எனக்கும் சொல்ல இருந்தது. வண்டியை நிறுத்தினால்தான் கடிதம் படிக்க முடியும், அதனால் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சின்னையன்