கார்த்தியின் சாவி

லக்ஷ்மிபாய் நகர், புது டெல்லி
12.11.2024

தமிழ்செல்விக்கு,

பேசாமல் இருந்தது போதும். நீ அனுப்பிய காகிதம் மேஜைமேல் கிடக்கிறது. செங்கடலில் ஏவுகணை பட்டு மூழ்கிய சரக்குக் கப்பலோடு நம் மகன் கார்த்தியும் இறந்துவிட்டான் என்று தாயும் தகப்பனும் கையெழுத்துப் போட வேண்டுமாம். உடலைக் காட்டாத கம்பெனிக்கு என் கையெழுத்து எதற்கு?

மத்திய அரசுத் தேர்வுக்கு அவனைத் தயார் செய்தேன். உன் தம்பி கருப்பசாமி கப்பலில் ஏற்றிவிட்டான். நீயும் தலையாட்டினாய். ஏன் என்று கேட்டதற்குத் தூத்துக்குடிக்கே போய்விட்டாய். நான் எதையும் மறக்கவில்லை.

வாசல் பூட்டு இறுகிவிட்டது. "ஜாம் ஆயிடுச்சு அங்கிள், தாலாவ மாத்திடுங்க" என்கிறாள் எதிர்வீட்டு மேதா. மாற்ற மாட்டேன். இந்தப் பூட்டின் இன்னொரு சாவி கார்த்தியிடம் இருக்கிறது. வந்தால் எப்படித் திறப்பான்?

ஜோதிலிங்கம்

தூத்துக்குடி
24.11.2024

அத்தானுக்கு,

தமிழ்செல்வி எழுதுவது. ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? அங்கே குளிர் தொடங்கியிருக்கும். பரணில் கம்பளி இருக்கிறது, வெயிலில் காட்டிவிட்டுப் போர்த்துங்கள்.

என்னை ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறேன். கார்த்தியோடு வேலை பார்த்த ரமேஷ்குமார் உயிர் தப்பி வந்து என்னைப் பார்த்தான். ஏவுகணை பட்டது என்ஜின் அறையில். நம் பிள்ளைக்கு அப்போது அங்கேதான் வேலை. "படியில இறங்கிப் பாத்தேன் அத்தை. ஒரே தீயும் தண்ணியும். பேரச் சொல்லிக் கத்துனேன். சத்தமே வரல" என்று சொல்லி அழுதான்.

இத்துடன் ஒரு சாவி வைத்திருக்கிறேன். கப்பலேறும் முன் கார்த்தி என்னிடம் தந்தது. "கடல்ல தொலைஞ்சா அப்பா ஒரு வாரம் ஏசுவாங்க, நீயே வச்சுக்கம்மா" என்றான். இருவரும் சிரித்தோம். அவனிடம் சாவி இல்லை, அத்தான்.

தை அமாவாசையன்று கடற்கரையில் காரியம். தர்ப்பையில் அவன் உருவம் செய்து கொள்ளி வைக்க வேண்டும். நீங்கள் வைத்தால்தான் எனக்கு மனம் ஆறும். காகிதத்திலும் கையெழுத்துப் போடுங்கள். அவனை இப்படி நடுக்கடலிலேயே நிறுத்தி வைக்க என்னால் முடியவில்லை.

உங்கள்
தமிழ்செல்வி

லக்ஷ்மிபாய் நகர்
5.12.2024

செல்வி,

சாவி கிடைத்தது. ஆபீஸிலிருந்து வந்ததும் பூட்டில் போட்டுப் பார்த்தேன். என் சாவிக்கு அடம் பிடிக்கும் பூட்டு, அவன் சாவிக்கு உடனே திறந்தது. கதவுச் சத்தம் கேட்டால் உள்ளிருந்து "யாரு, கார்த்தியா?" என்று நான் கேட்பேன் அல்லவா? அன்று அப்படிக் கேட்க உள்ளே ஆள் இல்லை.

ரமேஷ்குமார் சொன்னது பொய்யில்லை. எனக்குத் தெரிகிறது. கருப்பசாமியே கொள்ளி வைக்கட்டும். மன்னித்துவிட்டேன் என்று அவனிடம் சொல்லாதே. ஆனால் அவனும் தோளில் தூக்கி வளர்த்த தாய்மாமன்தானே. என்னால் அந்தப் புல்லுக்குத் தீ வைக்க முடியாது.

கார்த்தியிடம் சாவி இல்லை என்று எழுதிவிட்டாய். அப்படியானால் யாராவது வீட்டில் இருக்க வேண்டும். ஆபீஸ் விட்டால் நேரே வந்துவிடுகிறேன். கதவுக்குத் தாழ் போடுவதில்லை. என்னைத் தூத்துக்குடிக்குக் கூப்பிடாதே.

கம்பளியை எடுத்துக்கொண்டேன்.

காகிதத்தை இதோடு மடித்து வைக்கிறேன். பேனா எடுத்தும் பார்த்தேன். காகிதத்தின் கீழே என் பெயரை எழுதக் கை வரவில்லை. காலையில், கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.