பச்சைக் கல்லும் அடுப்பும்

ஷ்னீபெர்க், டிசம்பர் 2

என்னை விட்டுப் போனவருக்கு,

உங்கள் யுரேனியக் கல்லைக் கேட்டு எழுதியிருந்தீர்கள். இத்துடன் அனுப்புகிறேன்.

பார்த்தால் அடையாளம் தெரியாது. சுரங்கத்திலிருந்து ஒளித்துக் கொண்டுவந்தீர்களே, பச்சைக் கண்ணாடித் தகடுகளாய் மின்னியதே, அதேதான். சூடு பட்டால் கல்லின் ஈரம் போய்விடும், போனால் திரும்பாது என்று நம் மகன் யோஹெனின் குளிர்ந்த அறையில் வைத்தீர்கள். அவன் இருமி இருமித் துவண்டபோதும், "அங்க அடுப்ப மூட்டாதடி, கல்லு காஞ்சுடும். பையனுக்கு இன்னொரு கம்பளியப் போத்து" என்றீர்கள். போர்த்தினேன்.

கிறிஸ்துமஸ் வருகிறது; இங்கே எல்லா ஜன்னல்களிலும் மரப் பொம்மைச் சுரங்கக்காரர்கள் விளக்கேந்தி நிற்கிறார்கள், வீட்டு ஆண்பிள்ளை ஒவ்வொருவனுக்கும் ஒருவன். யோஹெனுடையவன் மூன்று வருஷமாகப் பரணில் கிடந்தான். செத்த பிள்ளைக்கு எதற்கு? அந்த மரப் பொம்மையை உடைத்துப் போட்டு அந்த அறையின் அடுப்பை முதன்முறையாக மூட்டினேன். மேலே உங்கள் கல்லை வைத்தேன், மூன்று நாள்.

வெளுத்துவிட்டது. தொட்டால் உதிர்கிறது. கவலைப்படாதீர்கள், கதிர்வீச்சை அளக்க நீங்கள் வைத்திருந்த கருவியை அருகே கொண்டுபோனால் முன்போலவே படபடவென்று அடித்துக்கொள்கிறது. அழகுதான் போயிற்று, விஷம் அப்படியே இருக்கிறது.

அறை இப்போது நல்ல கதகதப்பாக இருக்கிறது.

இப்படிக்கு,
கம்பளி போர்த்தியவள்